கல்லேரி மேட்டு ஊதாப்பூ

வேணுகோபால் கொடுத்த பொடியைக் குடித்துப் பிள்ளை பெற்றவர்கள் அந்தத் தெருவில் நான்கு பேர் இருந்தார்கள். தெரு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் தன் வாயால் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் மறுத்ததுமில்லை.

வைத்தியம் அவருக்குத் தொழிலில்லை. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவதுதான் தொழில், முப்பத்தோரு வருஷமாக. கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த காலத்தில் அவர் மனைவி சாவித்திரிக்கு ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்தது அந்த மருந்து. பெண் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகிச் சென்னைக்குப் போனாள். அவர் செடி பறிப்பதை மட்டும் விடவில்லை. வருஷாவருஷம் மழை விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு சேவூரைத் தாண்டிக் கல்லேரி மேட்டுக்குப் போவார். மரம் மட்டை இல்லாத மேய்ச்சல் புறம்போக்கு அது. பார்க்கிற தூரத்துக்கு வெறும் புல். புல்லுக்கு நடுவே குனிந்து தேடினால்தான் ஓரிதழ்த்தாமரை அகப்படும். சாண் உயரச் செடி, ஈர்க்கு மாதிரி இலை, விரல் நகம் அகலத்தில் தொங்கும் ஒரே ஒரு ஊதா இதழ். வேரோடு பிடுங்கி, அலசி, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து டப்பாவில் போட்டு வைப்பார். கேட்டு வருகிறவர்களுக்குச் சும்மா கொடுப்பார்.

காய், விதை என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. நிறத்தைப் பார்த்துப் பறிப்பார். வாடாமல்லிக்கும் கத்திரிப்பூவுக்கும் நடுவே ஆறு ஊதா இருக்கிறது, ஆறையும் தனித்தனியாகச் சாயத்தில் எடுத்துக் காட்டுவேன் என்று பட்டறையில் சொல்லிக்கொள்கிற ஆள். அவர் கண்ணை அவர் நம்பினார். ஊரும் நம்பியது.

இரண்டாயிரத்து இரண்டில் மழை சரியாகப் பெய்யவில்லை. ஆவணியில் விழுந்த இரண்டு தூறலை நம்பி மேட்டுக்குப் போனார். மேட்டின் மேல் பக்கம் காய்ந்து கிடந்தது. கீழே பள்ளத்தில் ஈரம் இருந்த இடத்தில்தான் ஊதாப்பூ அடர்ந்து கிடந்தது. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்தார்.

புரட்டாசியில் நூல் முதலாளி மாணிக்கவேல் ஒரு மூட்டையைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டார்.

"வாடாமல்லி கேட்டிருந்தேன். பாதி கத்திரிப்பூவா வந்துகீது. ஒரே பாவுல ரெண்டு கலர், நான் யாருகிட்டப் போய் விக்கிறது?"

வேணுகோபால் நூல் சிட்டங்களை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்த்தார். எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. சாயப்பொடியில் கலப்படம் என்றார். பட்டறையில் வெளிச்சம் போதவில்லை என்றார். அன்றைக்குச் சாப்பாடு போடும்போது சாவித்திரி மெல்லச் சொன்னாள்.

"போன வாரம் என் நீலப் பொடவையக் கறுப்புன்னு சொன்னீங்க. ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வரலாம்."

"அம்பத்தெட்டு வயசுக்கு இன்னா வந்துடும் கண்ணுக்கு? சும்மா பேஜார் பண்ணாத."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐப்பசி பிறந்த வாரம் மூன்று வீடு தள்ளியிருந்த பொன்னம்மாள் வந்தாள். அவள் மகன் சுதாகருக்குத் தறி வேலை. மருமகள் பவித்ராவுக்குப் பிறந்த ஊர் சேத்துப்பட்டு. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் கலைந்துவிட்டது. பொன்னம்மாள் கொடுமைக்கார மாமியார் இல்லை. மருமகளைத் தானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி விடுகிறவள். ஆனால் பேரப்பிள்ளை என்று வந்துவிட்டால் அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது.

"அண்ணா, உங்க கையால குடுங்க. உங்க கைராசி எனக்குத் தெரியும்."

"ஒரு மண்டலம் குடிக்கணும் பொன்னம்மா. நாப்பத்தெட்டு நாளு, விடாம. காலையில வெறும் வயித்துல, ஆட்டுப்பால்ல ஒரு ஸ்பூனு."

"ஒருநாளும் விடமாட்டேன். நானே கலக்கிக் குடுக்குறேன்."

அவர் புது டப்பாவை எடுத்து அப்படியே அவள் கையில் கொடுத்தார்.

முப்பத்து நான்காம் நாள் பவித்ராவால் எழுந்து நிற்க முடியவில்லை. வயிறு கல்லாக உப்பியிருந்தது. கண்ணும் நகமும் மஞ்சள். ஆரணி டாக்டர் தொட்டுப் பார்த்ததும் வேலூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை சுதாகர் நேராகப் பட்டறைக்கு வந்தான். முந்தின நாள் போட்ட சட்டையே உடம்பில் இருந்தது.

"மாமா, ஈரல் கெட்டுப்போயிருக்குன்றாங்க. இன்னா சாப்ட்டான்னு திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க. பொடியப் பத்தி சொன்னேன். அந்தச் செடிய வேரு, பூவு, காயோட முழுசாக் கொண்டாரச் சொன்னாரு பெரிய டாக்டரு. காலேஜ் வாத்தியார் ஒருத்தர் பாத்துச் சொல்லுவாராம். செடியாலன்னா ஒரு மாதிரி பாப்பாங்களாம், வெறும் காமாலைன்னா வேற மாதிரி பாப்பாங்களாம்."

"பொடி இப்ப குடிக்கிறாளா?"

"எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாரு."

"நீ பஸ் ஸ்டாண்டுல இரு. பதினோரு மணிக்குள்ள ஜல்தியா வந்துடறேன்."

சைக்கிளை மிதிக்கும்போது அவருக்குப் பயம் எதுவும் இல்லை. தான் கொடுத்தது ஓரிதழ்த்தாமரை, அது யாரையும் எதுவும் செய்யாது, வாத்தியார் பார்த்துச் சொன்னால் தன் பேரும் சுத்தமாகும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனார்.

பள்ளத்தில் உண்ணாமலை ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காலனிக்காரி, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆவணியிலும் அவள் அங்கேதான் இருந்தாள். இப்போது அவர் குனிந்து குனிந்து பறித்துத் துண்டில் போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சாயக்காரரே, ரெண்டையும் சேத்துப் போட்டுகினு கீறீங்க?"

"எது ரெண்டு?"

அவள் வந்து துண்டிலிருந்து இரண்டு செடிகளை எடுத்து இரண்டு கையில் பிடித்துக் காட்டினாள்.

"இது வாடாமல்லி மாதிரி கீது. இது கத்திரிப்பூ. தெரியலையா உங்களுக்கு?"

அவர் இரண்டையும் வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஊதா. இன்னொன்றும் ஊதா. கொஞ்சம் பழுப்புப் படிந்த ஒரே ஊதா.

"ஆடு இந்த வாடாமல்லியத் தின்னும். கத்திரிப்பூவ முகந்து பாத்துட்டு விட்டுடும்" என்றாள் உண்ணாமலை. "முந்தா வருஷம் பசியில ஒரு கெடா மேஞ்சிடுச்சு. வயிறு ஊதிக்கினு ஒரு வாரம் கெடந்து செத்துப்போச்சு."

அவர் கண்ணை விட்டுவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். அவள் வாடாமல்லி என்று காட்டியதில் மிளகளவு உருண்டைக் காய், காம்பில் தலைகுனிந்து தொங்கியது. இன்னொன்றில் உப்பலான சின்னக் காய். காய்ந்த ஒன்றைக் காதருகே ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை. அவர் பறிக்க வரும் நாளில் காய் பிடித்திருக்காது.

"ஆவணியில நான் வந்தப்போ இது இருந்துச்சா?"

"அப்பத்தான் ஜாஸ்தி. மழ இல்லாத வருஷம் இந்தப் பள்ளத்துல அதுதான் எங்கப் பாத்தாலும் மொளைக்கும். நீங்ககூட இங்கதானே பறிச்சிகினு இருந்தீங்க."

அவர் புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உண்ணாமலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்பது அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கலந்திருக்கலாம் என்று நினைத்தார். கொஞ்சம் கலந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். மாணிக்கவேல் திருப்பிப் போட்ட மூட்டை ஞாபகம் வந்தபோது அந்த நினைப்பு நிற்கவில்லை. பாதிக்குப் பாதி. அந்த மூட்டையும் பாதிக்குப் பாதிதான். தெருவில் என்ன சொல்வார்கள், போலீஸ் வருமா, சாயப் பட்டறையில் இனி யார் நூல் தருவார்கள். படுத்துக் கிடக்கிற பெண்ணின் முகம் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வந்தது. பின்னால் தன்னைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்த போதெல்லாம் அந்த வரிசைதான் அவரை வதைத்தது.

துண்டில் பதினோரு செடி இருந்தது. காயைத் தொட்டுத் தொட்டுப் பிரித்தார். உருண்டைக் காய் ஆறு ஒரு பக்கம், உப்பல் காய் ஐந்து ஒரு பக்கம். டாக்டர் கேட்டது ஓரிதழ்த்தாமரையைத்தானே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். ஆறைப் பேப்பரில் சுற்றினார். ஐந்தை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தார்.

வேலூரில் தாவரவியல் விரிவுரையாளர் தனசேகரன் அவர்களை ஒரு நீள மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மடக்கு லென்ஸ். ஒரு செடியை வெள்ளைத் தாளில் பரப்பி, பூவை ஊசியால் பிரித்து, லென்ஸில் பார்த்தார். அவசரப்படவில்லை. வேணுகோபால் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு இதழ் இருக்குது, பாருங்க. நாலு ரொம்பச் சின்னது, கண்ணுக்குத் தெரியாது. அதனாலதான் ஓரிதழ்னு பேர் வெச்சிருக்காங்க. காய் மூணா வெடிக்கும். இது ஓரிதழ்த்தாமரைதான், சந்தேகமே இல்ல. இதக் குடிச்சு ஈரல் கெட்டுப்போனதா நான் படிச்சதில்ல."

சுதாகர் கண்ணை மூடித் திறந்தான்.

தனசேகரன் லென்ஸை மடித்தபடி வேணுகோபாலைப் பார்த்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மேய்ச்சல் நிலத்துல இதோட கலந்து வேற ஊதாப்பூ எதுவும் வருதா? சின்னதா, அவரைப்பூ மாதிரி?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பூவோட நிறத்த வெச்சு அடையாளம் பாக்கக்கூடாது. அதுலதான் எல்லாரும் ஏமாந்துபோறாங்க."

"முப்பது வருசமா பறிக்கிறேங்க. வேற எதுவும் இல்ல."

விரிவுரையாளர் தலையாட்டிவிட்டு ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சுதாகர் வேணுகோபாலின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களத் தப்பா நெனச்சிட்டேன் மாமா. மன்னிச்சுக்குங்க."

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் வாங்கிக் கொடுத்த டீயை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். இப்போதுகூடச் சொல்லிவிடலாம், வாத்தியார் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தார். ஆரணி பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் செடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிருமியால் வந்த காமாலையாக இருக்கும் என்றார்கள். பொடி நின்றதாலோ, ஏற்றிய மருந்தாலோ வயிறு வற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் நாள் பவித்ராவை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாட்டு மருந்து எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார்.

அவள் வந்த அன்றே வேணுகோபால் பொன்னம்மாள் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தையைத் தயார் செய்துகொண்டு போனார்.

"பொன்னம்மா, அந்தப் பொடி மீதி இருந்தா குடும்மா. பழசாயிருக்கும். அப்புறமா புதுசு தரேன்."

"அது எப்பவோ கொட்டியாச்சுண்ணா" என்றாள் பொன்னம்மாள், அடுப்படிப் பக்கம் பார்க்காமல்.

அவள் கொட்டவில்லை. டாக்டர் திட்டியதிலிருந்து பொடியைப் பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வேணுகோபாலுக்கு அவள் முகத்தில் ஏதோ உறுத்தியது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதைத் தூக்கித் திரும்ப வைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. மறுகேள்வி கேட்காமல் வீட்டுக்கு வந்தார்.

நான்கைந்து நாள் கழித்துத் தெருக் குழாயில் பவித்ராவைப் பார்த்தார். தோள்பட்டை எலும்பு ரவிக்கையை மீறித் தெரிந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடுச்சு பெரியப்பா. வேலூருக்கெல்லாம் அலைய வுட்டுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. உடம்பப் பாத்துக்கோ. இனிமே பொடி கிடி எதுவும் குடிக்காத."

"இல்ல பெரியப்பா. பால்தான் குடிக்கிறேன். அத்த தெனமும் காய்ச்சிக் குடுக்குது."

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். நடு வழியில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் மறுபடி வயிறு உப்பியது. இந்த முறை வேலூருக்குப் போய்ச் சேரும்போதே நினைவில்லை. தை மூன்றாம் தேதி இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு.

சேத்துப்பட்டிலிருந்து வந்த அவள் அப்பா பன்னீர்செல்வம் உடம்பை எடுக்க விடவில்லை. மகளுக்குப் பிள்ளையில்லை என்று மாமியாரும் புருஷனும் எதையோ கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே புகார் எழுதிக் கொடுத்தார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் அதிகாரி விசாரணை நடத்த வேண்டும் என்றார்கள். உடம்பை அறுத்துப் பார்த்தார்கள். ஈரல் சுருங்கி இறுகிப் போயிருந்தது. ஏதோ விஷம் நாள்பட உள்ளே போயிருக்கலாம் என்று எழுதினார்கள். சுதாகரையும் பொன்னம்மாளையும் தினமும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உட்கார வைத்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் வேணுகோபாலும் சாவித்திரியும் துக்கம் கேட்கப் போனார்கள். பொன்னம்மாள் சுவரில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்ல செடின்னு வாத்தியாரே எழுதிக் குடுத்தாரே சாவித்திரி. பதினாலு நாளுதான் பாக்கி இருந்துச்சு. மண்டலத்த முழுசா முடிச்சுட்டா இந்த மாசமே நிக்கும்னு நெனச்சேன். அவளுக்குக்கூடச் சொல்லல. பால்ல கலக்கிக் குடுத்தேன். அந்த மருந்தாலயே தேறல, அப்பிடி இன்னா சீக்கு வந்துச்சு எம் பொண்ணுக்கு?"

சாவித்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேணுகோபால் எழுந்தார். செருப்பை வாசலில் விட்டது நினைவில்லாமல் தெருவில் நடந்து போனார்.

வீட்டில் சாவித்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பள்ளம், பதினோரு செடி, வாத்தியாரிடம் சொன்ன பொய். அவள் அழவில்லை.

"கண்ணக் காட்டுன்னு சொன்னேன்" என்றாள். பிறகு, "கண்ணு தெரியாததக்கூட வுட்டுடலாம். அதுக்கப்புறம் செஞ்சதுக்கு எந்தக் கண்ணு காரணம்?" என்றாள்.

மறுநாள் கல்லேரி மேட்டுக்குப் போனார். புல் வெளுத்துக் காய்ந்திருந்தது. பூ ஒன்றுமில்லை. செடிகளை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டு இரண்டையும் பறித்தார். வேலூர் போய்த் தனசேகரனின் மேசையில் தனித்தனியாக வைத்தார். விரிவுரையாளர் இரண்டாவது செடியைக் கையில் எடுத்ததுமே முகம் மாறியது.

"கிலுகிலுப்பை ஜாதி. அதுல சின்ன வகை. இந்த ஜாதியில பலது ஈரலைத்தான் முதல்ல தின்னும்." லத்தீனில் இரண்டு சொல் சொன்னார். வேணுகோபாலின் காதில் அது நிற்கவில்லை. "அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?"

"போயிடுச்சுங்க."

தனசேகரன் செடியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கே இதத்தான கேட்டேன்" என்றார். குரல் உயரவில்லை. "என் கையெழுத்து இருக்கு அந்தத் தாள்ல."

"தெரிஞ்சுதாங்க மறைச்சேன். பள்ளத்துலயே பிரிச்சுப் போட்டுட்டு வந்தேன்."

"இதை விசாரணையில சொல்லுவீங்களா? நான் எழுதித் தரேன். ஆனா நீங்க சொன்னாத்தான் அது நிக்கும்."

சொல்வதாகச் சொன்னார். ஆனால் அதற்கு முன் சுதாகரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டேஷனிலிருந்து திரும்பி வருகிறவனைச் சத்திர மூலையில் நிறுத்திச் சொன்னார். சுதாகர் முழுவதும் கேட்டான். கை ஓங்குவான் என்று எதிர்பார்த்து அவர் நின்றார். ஓங்கினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது. அவன் சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"அன்னிக்கு உங்க கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டேன்" என்றான் கடைசியில்.

"சுதாகரு..."

"விசாரணையில சொல்லாதீங்க. எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாது. அவங்க கையால கலக்கிக் குடுத்தாங்க. தெரிஞ்சா உசிரோட இருக்க மாட்டாங்க. நாங்க ஜெயிலுக்குப் போனாலும் போறோம்."

"நீங்க இன்னா தப்பு பண்ணீங்க? ஜெயிலுக்குப் போறதுக்கு?"

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

இரண்டு நாள் வேணுகோபால் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சொன்னால் பொன்னம்மாள் என்ன ஆவாள், சொல்லாவிட்டால் அவளும் மகனும் என்ன ஆவார்கள் என்று மாறி மாறி நினைத்தார். இதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் கிடைத்து வாயை மூடிக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. இப்போது கிடைத்திருக்கும் காரணம் மற்ற எல்லாவற்றையும்விட நல்ல காரணம். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

மூன்றாம் நாள் விசாரணை. தனசேகரனின் கடிதத்தையும் இரண்டு செடிகளையும் அதிகாரி முன்னால் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார். பன்னீர்செல்வம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"எம் பொண்ணு ஆஸ்பத்திரியில பொழச்சு எழுந்தாளே. அப்பகூட உனக்குச் சொல்ல வாய் வரலையா?"

வேணுகோபால் தலை குனியவில்லை. குனிந்தால் அதுவும் தப்பிக்கிற வேலையாகிவிடும் என்று தோன்றியது. "வரலைங்க" என்றார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த பொன்னம்மாளுக்கு எல்லாம் கேட்டது. திறந்த கதவு.

சுதாகர் மேலும் பொன்னம்மாள் மேலும் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். வேணுகோபால் மேல் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவானது. பட்டறையில் நூல் வருவது நின்றது. மாணிக்கவேல் ஆள் விட்டு மீதிச் சிட்டங்களை எடுத்துக்கொண்டு போனார். தெருவில் அவர் பொடியால் பிள்ளை பெற்றதாகச் சொன்ன நான்கு வீடும் கதவைச் சாத்திக்கொண்டது. அந்த நான்கு பிள்ளைகளுக்கும் அந்தப் பொடிக்கும் உண்மையில் சம்பந்தம் இருந்ததா என்பதே அவருக்கு இப்போது தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, மத்தியானத்தில், பொன்னம்மாள் வந்தாள். சாவித்திரி பதறிப்போய் எழுந்தாள். பொன்னம்மாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும் உங்கள."

"கேளும்மா."

"அவ ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னிக்கு மீதிப் பொடியக் கேட்டீங்க. கொட்டிட்டேன்னு பொய் சொன்னேன். அன்னிக்குக் குடுத்திருந்தா அவ பொழச்சிருப்பா. இல்ல?"

சாவித்திரி கணவனைப் பார்த்தாள். இல்லை, அதற்கு முன்பே ஈரல் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. வேணுகோபாலின் நாக்கு நுனிவரை அது வந்தது. அவளுக்கு அது மருந்தாகக்கூட இருந்திருக்கும்.

"பொழச்சிருப்பா" என்றார்.

பொன்னம்மாள் பக்கத்திலிருந்த தண்ணீரைத் தள்ளி வைத்தாள்.

"நீ பொய் சொன்னது எனக்கு அப்பவே கொஞ்சம் தெரிஞ்சுது" என்றார் வேணுகோபால். "பழசாயிடுச்சுன்னு நான் சொன்னதும் பொய்தான். அது விஷம், குடும்மான்னு கேட்டிருந்தா, டப்பாவ என் மூஞ்சிலயே விட்டெறிஞ்சிருப்ப. நான் கேக்கல."

அவள் பிறகு கையை ஊன்றி எழுந்தாள். சாவித்திரி பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"எம் பையன் இந்த ஊர்ல இருக்கமாட்டேன்றான். காஞ்சீபுரத்துல தறி பாத்திருக்கானாம்" என்றாள் வாசலில் நின்று. "நான் போவல. அவ துணியெல்லாம் இங்கதான கீது."

சுதாகர் மாசியில் ஊரைவிட்டுப் போனான். பொன்னம்மாள் தனியாக இருந்தாள். சாவித்திரி தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு போய் அவள் வீட்டுப் படியில் வைப்பாள். சில நாள் கிண்ணம் காலியாக இருக்கும். பல நாள் வைத்தபடி இருக்கும். வழக்கு ஒன்றரை வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா வேணுகோபால் போய் நின்றார். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. கூண்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோது, ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஓராண்டு தண்டனை. அன்றைக்குக் கோர்ட்டுக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர்தான், சாவித்திரியும் பன்னீர்செல்வமும். பன்னீர்செல்வம் தீர்ப்பைக் கேட்டுவிட்டு, சேத்துப்பட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.